ஆய்விதழ்களும் வெளியீட்டாளர் சங்கங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூலைக் கையில் எடுத்ததும் அதன் அட்டையில் இரண்டு பெயர்களைக் காண்கிறோம். ஒன்று எழுதியவரின் பெயர்; மற்றது வெளியிட்டவரின் பெயர். அந்நூலின் விலை என்ன, அதனை யார் நகலெடுக்கலாம், எந்த நூலகத்துக்கு அது எந்த நிபந்தனையில் போய்ச் சேரும் என்பவற்றைத் தீர்மானிப்பதில் பங்குகொண்ட மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அதன் பெயர் அட்டையில் அச்சிடப்படுவதில்லை. வெளியீட்டாளர்கள் தமக்குள் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட சங்கமே அந்த மூன்றாவது தரப்பு.

கதை, கவிதை நூல்களைப் பொறுத்தவரை இச்சங்கங்களின் செல்வாக்கை வாசகன் அவ்வளவாக உணர்வதில்லை. ஒரு நாவல் விலை கூடியதாயின் வேறொரு நாவலை வாசிக்கலாம். ஆய்வு நூலும் ஆய்விதழும் அப்படியல்ல. டெங்குக் காய்ச்சல் பற்றி ஒருவர் கண்டறிந்ததை அறிய விரும்புபவர், அதற்குப் பதிலாக இன்னொருவரின் கட்டுரையை வாசித்துவிட்டுப் போக முடியாது. மாற்றுப் பொருள் இல்லாத சந்தையில் விற்பவர்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதே இக்கட்டுரையின் விடயம். அந்த மேசையில் நல்லதும் நடந்திருக்கிறது, கேடும் நடந்திருக்கிறது. இரண்டையும் கூறுவதே நியாயம்.

இலண்டன் அச்சாளர் சங்கம்

1557ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேரி அரசி, இலண்டன் அச்சாளர்களும் நூல் வணிகர்களும் சேர்ந்த ஸ்டேஷனர்ஸ் கொம்பனிக்கு அரச பட்டயம் வழங்கினார். பெயரில் கொம்பனி என்றிருந்தாலும் அது தனியொரு நிறுவனமன்று. ஒரே தொழில் செய்வோரின் சங்கம். சில விதிவிலக்குகள் தவிர, அச்சங்கத்தின் உறுப்பினர் அல்லாத எவரும் அச்சிட முடியாது. இந்த ஏற்பாட்டினால் இரு தரப்பும் பயன்பெற்றன. தனக்கு ஆகாத நூல்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை அரசு சங்கத்திடம் ஒப்படைத்தது. சங்கத்துக்கோ போட்டியாளர்கள் இல்லாத சந்தை கிடைத்தது.

கல்வி உலகோடு இச்சங்கம் மோதிய முதற் சம்பவங்களுள் ஒன்று கேம்பிரிட்ஜில் நடந்தது. அச்சிடும் உரிமையை 1534இலேயே எட்டாம் ஹென்றி மன்னர் அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கியிருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1583இல், பல்கலைக்கழகம் தோமஸ் தோமஸ் என்பவரைத் தனது அச்சாளராக நியமித்தது. இலண்டன் சங்கத்தார் சும்மா இருக்கவில்லை. அவரது அச்சுப் பொறியைக் கைப்பற்றினர். பல்கலைக்கழகம் தன் பட்டயத்தைக் காட்டி வாதாடிய பின்னரே, 1584இல் அங்கிருந்து நூல்கள் வெளிவரத் தொடங்கின. கேம்பிரிட்ஜ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. இவ்வரலாற்றில் அது மீண்டும் இரு தடவை வரவிருக்கிறது.

1695இல் அச்சு உரிமச் சட்டம் காலாவதியானதோடு சங்கத்தின் ஏகபோகமும் ஆட்டம் கண்டது. 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், நூலுரிமை முதலில் எழுதியவருக்கே உரியது என்றும், புதிய நூல்களுக்கு அது பதினான்கு ஆண்டுகளும் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகளுமே நீடிக்கும் என்றும் விதித்தது. கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்றே அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. ஒவ்வொரு நூலின் ஒன்பது பிரதிகள் நூலகங்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. உரிமைக்கு முடிவே கிடையாது என்று இலண்டன் வணிகர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிப் பார்த்தனர். மலிவுப் பதிப்புகளை வெளியிட்ட எடின்பரோ நகர வணிகர் அலெக்ஸாண்டர் டொனால்ட்சனின் வழக்கில், 1774இல், பிரபுக்கள் சபை அவ்வாதத்தை நிராகரித்தது.

ஆய்விதழின் பிறப்பு இச்சண்டைகளிலிருந்து சற்று ஒதுங்கியே நிகழ்ந்தது. 1665 மார்ச்சில் ரோயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் ‘ஃபிலோசொபிகல் ட்ரான்ஸக்ஷன்ஸ்’ இதழைத் தொடங்கினார். அது சொசைட்டியின் அனுமதியோடு, ஆனால் அவரது சொந்தச் செலவில் வந்த இதழ். 1752இலேயே சொசைட்டி அதன் பொறுப்பை முறைப்படி ஏற்றது. ஓல்டன்பேர்க் எதிர்பார்த்த வருமானம் அவருக்குக் கிடைக்கவில்லை. கைப்பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் முதற்பிரதியைக் கொடுத்துவிட்டு, மிகுதியை வீட்டு அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நம் எழுத்தாளர்களுக்கு அவரது நிலை புதிதாகத் தோன்றாது.

லைப்ஸிக் நகரில் ஒரு பேராசிரியர்

ஜேர்மன் நூல் வணிகர்களின் சங்கம் 1825இல் லைப்ஸிக் நகரில் நிறுவப்பட்டது. 1880களின் பிற்பகுதியில் அது ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. வெளியீட்டாளர் குறித்த விலைக்கே எல்லாக் கடைகளும் விற்க வேண்டும். குறைத்து விற்கும் கடைக்கு நூல் வழங்கப்பட மாட்டாது. அதுவரை லைப்ஸிக், பேர்லின் நகரங்களின் பேராசிரியர்களும் நூலகங்களும் வழக்கமாகப் பெற்றுவந்த கழிவு படிப்படியாக வெட்டப்பட்டது.

லைப்ஸிக் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கார்ல் பூஹர் இதனை எதிர்த்து எழுந்தார். 1903இல் கல்விமான்கள் தமக்கென ஒரு பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். அதன் சார்பில் பூஹர் எழுதிய நூல் ஜேர்மனி எங்கும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அவரது வாதத்தின் சாரம் இதுதான்: நூல் வணிகர் சங்கம் என்பது விலையைக் கட்டிவைக்கும் ஒரு கூட்டு. ஆய்வு நூலை எழுதுபவரும் கல்விமான். வாங்குபவரும் கல்விமான் அல்லது அவரது பல்கலைக்கழக நூலகம். இடையில் நிற்பவர்களோ இருவரையும் கேளாமல் தமக்குள் கூடி விலையை முடிவு செய்கிறார்கள்.

சங்கத்தின் பதிலும் அலட்சியம் செய்யத் தக்கதன்று. பெருநகரக் கடைகள் கழிவு கொடுத்து விற்றால் சிற்றூர்க் கடைகள் மூடப்படும். கடைகள் மூடப்பட்டால் சிற்றூர் வாசகனுக்கு நூலே கிட்டாது என்றனர் வணிகர்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இவ்வாதத்தின் நியாயம் புரியும். இறுதியில் நிலையான விலை முறையே வென்றது. ஜேர்மனியில் 2002இல் அது தனிச் சட்டமாகவே ஆக்கப்பட்டது. ஆனால் பூஹர் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எழுதுபவனுக்கும் வாசிப்பவனுக்கும் அந்த மேசையில் ஏன் இடமில்லை என்ற கேள்வி அது.

ஸ்டொக்ஹோம் மாநாடு

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்றன. பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் பெருகின, நூல்கள் போதவில்லை. சர்வதேசப் பதிப்புரிமைச் சட்டமான பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இல் இணைந்திருந்தது. 1967இல் அவ்வுடன்படிக்கையைத் திருத்துவதற்கு ஸ்டொக்ஹோமில் மாநாடு கூடியபோது, இந்தியா முன்னின்று வளர்முக நாடுகளுக்கான ஒரு சிறப்பு ஒழுங்கைக் கோரியது. கல்வித் தேவைக்காக நூல்களை மொழிபெயர்க்கவும் மறுபதிப்புச் செய்யவும் இலகுவான வழி வேண்டும் என்பதே கோரிக்கை. மாநாடு அதனை ஏற்றுக்கொண்டது.

பிரித்தானிய வெளியீட்டாளர்களும் நூலாசிரியர்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆசியாவும் ஆபிரிக்காவும் அவர்களது பாடநூல்களுக்குப் பெரிய சந்தை. பிரித்தானியா அச்சிறப்பு ஒழுங்கை ஏற்கவில்லை. ஸ்டொக்ஹோம் திருத்தத்தின் பிரதான விதிகள் நடைமுறைக்கு வரவேயில்லை. 1971இல் பாரிஸில் வேறோர் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்படி மறுபதிப்புக்கான அனுமதிப்பத்திரம் கோர, விஞ்ஞான நூலுக்கு மூன்று ஆண்டுகளும் பொதுவான நூல்களுக்கு ஐந்து ஆண்டுகளும் புனைகதை, கவிதை முதலியவற்றுக்கு ஏழு ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் பழையதாகிவிட்ட விஞ்ஞான நூலைப் பெறுவதற்கு மேலும் பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அவ்வழியைப் பயன்படுத்திய நாடுகள் மிகச் சிலவே.

நகலெடுக்கும் இயந்திரம்

யுத்தத்திற்குப் பிந்திய காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அரசுகள் ஆய்வுக்குப் பெரும் பணம் ஒதுக்கின. அறிஞர் சபைகள் நடத்திவந்த இதழ்களோடு வணிக நிறுவனங்களின் இதழ்களும் போட்டியிட்டுப் பெருகின. 1951இல் ரொபர்ட் மக்ஸ்வெல் தொடங்கிய பெர்கமன், பின்னர் அதனை 1991இல் விலைக்கு வாங்கிய எல்ஸ்வியர் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கட்டுரை எழுதுபவருக்குப் பணம் இல்லை. அதனைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளருக்கும் பணம் இல்லை. ஆனால் இதழை நூலகம் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். இத்தொழிலுக்கென 1969இல் விஞ்ஞான, தொழில்நுட்ப, வைத்திய வெளியீட்டாளர்களின் சர்வதேச சங்கம் உருவானது. எஸ்.டீ.எம். என்பது அதன் சுருக்கப் பெயர். 1970இல் இரு சங்கங்கள் இணைந்து அமெரிக்க வெளியீட்டாளர் சங்கம் ஆயின.

அக்காலத்தில் அவர்களைக் கலங்க வைத்தது போட்டோகொப்பி இயந்திரம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகத்தின் நூலகம் 1970ஆம் ஆண்டில் மட்டும் 85,744 கட்டுரைக் கோரிக்கைகளுக்கு ஏறத்தாழ 930,000 பக்கங்களை நகலெடுத்து வழங்கியிருந்தது. வைத்திய இதழ்களை வெளியிட்ட வில்லியம்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் 1968இலேயே வழக்குத் தொடுத்திருந்தது. 1973இல் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நூலகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1975இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது.

நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் தேடின. 1976இல் புதிய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தயாரானபோது, வெளியீட்டாளர் சங்கமும் நூலாசிரியர் அமைப்பும் கல்வி அமைப்புகளின் ஒரு குழுவும் வகுப்பறை நகலெடுப்புப் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. உரைநடையில் ஒரு பகுதியை எடுப்பதாயின் 1,000 சொற்கள் அல்லது நூலின் பத்து வீதம், இவற்றில் எது குறைவோ அது என்பது போன்ற அளவுகள் அதில் வகுக்கப்பட்டன. பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இது மிக இறுக்கமானது என்று ஆட்சேபித்தது. அது சட்டமன்று, இரு தரப்பின் இணக்கம் மட்டுமே. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அதனைச் சட்டத்தின் எல்லையாகவே கொண்டு நடந்தன. 1978இல் நகலெடுப்புக்குப் பணம் வசூலிக்கும் பொது நிலையமும் இயங்கத் தொடங்கியது.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலுக்கு வகுப்பறைத் தேவையான பல பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாட்டுக்குள் அடக்குகிறது. அது எவ்வளவு பெறுமதியானது என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் பயின்ற காலத்தில் எங்கள் கைக்கு வந்தவற்றுட் பெரும்பகுதி, அட்டையில்லாத, ஓரம் வெட்டுப்பட்ட போட்டோகொப்பிகளே. அவையின்றி நாங்கள் பரீட்சைக்குப் போயிருக்க முடியாது.

இதே விடயம் 2012 ஆகஸ்டில் டெல்லி மேல் நீதிமன்றத்துக்கு வந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஷ்வரி என்னும் சிறிய போட்டோகொப்பிக் கடை, விரிவுரையாளர் குறித்துக் கொடுத்த பகுதிகளைத் தொகுத்துப் பாடக் கோவைகளாக மாணவருக்கு விற்றது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் கடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எதிராக வழக்காடின. 1583இல் சங்கத்தாரிடம் அச்சுப் பொறியைப் பறிகொடுத்த அதே கேம்பிரிட்ஜ்தான். மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் இணைந்தனர். அப்பாடக் கோவைகளில் தம் எழுத்து இடம்பெற்ற கல்விமான்கள் பலரும் வழக்கைக் கைவிடுமாறு வெளியீட்டாளரைக் கேட்டனர். 2016 செப்டெம்பரில் நீதிமன்றம் வழக்கை நிராகரித்தது. டிசம்பரில் மேன்முறையீட்டு ஆயமும் கல்வி நோக்கத்துக்கான நகலெடுப்புக்கு இடமுண்டு என்ற நிலைப்பாட்டையே எடுத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. நகலெடுப்பு உரிமம் வழங்கும் இந்திய அமைப்பு மட்டும் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 மேயில் அங்கும் அதன் மனு ஏற்கப்படவில்லை. உறுப்பினர் விட்டுக்கொடுத்த பின்னரும் அமைப்பு போராடியது என்பது இதில் கவனிக்க வேண்டியது.

சங்கம் கட்டிய பாலங்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு இச்சங்கங்கள் பூட்டுப் போடுவதற்காகவே பிறந்தவை என்று முடிவு செய்வது தவறு. இணையம் வந்தபோது ஆய்விதழ்கள் ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் சிதறிக் கிடந்தன, முகவரிகள் மாறிக்கொண்டிருந்தன. ஒரு கட்டுரைக்கு என்றும் மாறாத இலக்கம் வேண்டும் என்ற எண்ணத்தை முன்னெடுத்தவை சர்வதேச வெளியீட்டாளர் சங்கம், எஸ்.டீ.எம்., அமெரிக்க வெளியீட்டாளர் சங்கம் ஆகிய மூன்றுமே. அதிலிருந்து டீ.ஓ.ஐ. என்னும் இலக்க முறை பிறந்தது. 2000ஆம் ஆண்டில் போட்டி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து குரொஸ்ரெஃப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கின. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு நேரே செல்லும் வழி அவ்வாறே உண்டானது. தனியொரு நிறுவனத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

2002 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் ஆறு பெரிய வெளியீட்டாளர்களும் சேர்ந்து ஹினாரி திட்டத்தை ஆரம்பித்தனர். வறிய நாடுகளின் வைத்தியர்களும் ஆய்வாளர்களும் வைத்திய இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ வாசிக்க அது வழி செய்தது. பின்னர் விவசாயம், சுற்றாடல் முதலிய துறைகளுக்கும் இத்திட்டம் விரிந்தது, எஸ்.டீ.எம். சங்கம் அதில் பங்காளியாகச் சேர்ந்தது.

ஆனால் கொடுத்த கை பறிக்கவும் கூடியது. 2011 ஜனவரியில் பங்களாதேஷ் வைத்தியர்களுக்கு 2,500க்கு மேற்பட்ட இதழ்கள் திடீரென மூடப்பட்டன. அங்கே விற்பனை தொடங்கிவிட்டதால் இலவசம் தேவையில்லை என்பதே காரணம். வைத்திய உலகிலிருந்து கண்டனம் எழுந்த பின்னர் அவை மீண்டும் திறக்கப்பட்டன. தருமமாகக் கிடைப்பதற்கும் உரிமையாகக் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உறுப்பினரே மறுத்த சங்கம்

அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த வைத்திய ஆய்வுகளின் கட்டுரைகளைப் பொதுமக்கள் இலவசமாக வாசிக்க வேண்டும் என்ற கொள்கை 2005இல் விருப்பத்துக்குரியதாகவும், 2008இல் கட்டாயமாகவும் நடைமுறைக்கு வந்தது. வெளியாகி ஓராண்டுக்குள் கட்டுரை திறக்கப்பட வேண்டும். இதனைத் தடுக்க அமெரிக்க வெளியீட்டாளர் சங்கம் மும்முரமாக இறங்கியது. பெரு நிறுவனங்களுக்காகப் பிரசாரம் வகுக்கும் ஓர் ஆலோசகரை அது நாடியதையும், பொது அணுகலை அரச தணிக்கையோடு முடிச்சுப் போடும்படி அவர் யோசனை கூறியதையும் 2007 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் வெளிப்படுத்தியது. அவ்வருடம் ஆகஸ்டில் சங்கம் பிரிஸம் என்ற பெயரில் ஒரு பிரசார அமைப்பைத் தொடங்கியது.

எதிர்ப்பு உள்ளேயிருந்தே வந்தது. ரொக்கபெல்லர் பல்கலைக்கழகப் பதிப்பகம் இது தன் கருத்தல்ல என்று அறிவித்தது. கேம்பிரிட்ஜ் பதிப்பகமும் ஒதுங்கிக்கொண்டது. பிரிஸம் அத்தோடு மங்கிப் போனது. 2011 டிசம்பரில், அக்கொள்கையையே ஒழிக்கும் சட்டமூலம் ஒன்று அமெரிக்கக் காங்கிரஸில் வந்தபோது சங்கம் அதனை வரவேற்றது. 2012 ஜனவரியில் கணித மேதை திமோத்தி கவர்ஸ் எல்ஸ்வியர் இதழ்களைப் பகிஷ்கரிக்கப் போவதாக எழுத, ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் கையொப்பமிட்டனர். எம்.ஐ.டி. பதிப்பகம் போன்ற உறுப்பினர்கள் சங்கத்தின் நிலைப்பாட்டோடு உடன்படவில்லை என்றனர். பெப்ரவரி இறுதியில் எல்ஸ்வியர் ஆதரவை விலக்கிக்கொள்ள, சட்டமூலம் அன்றே கைவிடப்பட்டது. 2025 ஜூலை முதல் அந்த ஓராண்டுக் காத்திருப்பும் நீக்கப்பட்டுவிட்டது.

2024 செப்டெம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்றில் ஆறு பெரு வெளியீட்டாளர்களோடு எஸ்.டீ.எம். சங்கமும் பிரதிவாதியாக்கப்பட்டது. மதிப்பீட்டாளருக்குக் கூலியில்லை, ஒரு கட்டுரையை ஒரே வேளையில் ஓரிதழுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பன போன்ற வழக்கங்கள், சங்கத்தின் ஒழுக்க விதிகள் என்ற பெயரில் நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட சட்டவிரோதக் கூட்டு என்பது முறைப்பாடு. அம்முறைப்பாடு சட்டப்படி நிலைக்குமா என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம். ஆனால் வரலாற்றை வாசிப்பவருக்கு 1903இல் கார்ல் பூஹர் எழுப்பிய அதே குரல் இதில் கேட்கும்.

நமக்கு இதில் என்ன?

2022 மார்ச்சில் கடதாசி இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பரீட்சைத் தாளுக்கே டொலர் இல்லாத நாட்டில் டொலரில் விலை குறிக்கப்படும் ஆய்விதழ்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நம் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் பதவியுயர்வுக்காக வெளிநாட்டு இதழ்களில் எழுதியாக வேண்டியிருக்கிறது. எழுதியதன் உரிமையை ஒரு படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறார்கள். நமது மண்ணைப் பற்றி, நம் மக்களைப் பற்றி, நம் அரசின் சம்பளத்தில் செய்த ஆய்வை நம் மாணவன் வாசிக்க முடிவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பு, நம் நாட்டு இதழ்கள் பலவற்றை எவரும் இலவசமாக வாசிக்கும்படி திறந்து வைத்தது. அங்குள்ள கட்டுரைகளிலும் டீ.ஓ.ஐ. இலக்கத்தைக் காணலாம். வெளியீட்டாளர் சங்கங்கள் தமக்காக உண்டாக்கிய கருவி, இலாபம் தேடாத சிற்றிதழுக்கும் உதவுகிறது. கருவியை ஏற்று, பூட்டை மறுப்பது இயலும் என்பதற்கு அது சான்று. தமிழில் வரும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. நாம்தான் இன்னும் போதிய அளவு அதில் நடக்கவில்லை.

வணிகர்கள் சங்கம் அமைப்பதில் குற்றமில்லை. தம் தொழிலுக்காக அவர்கள் பேசுவார்கள். எழுதுபவர்களும் நூலகர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் தம் பக்கத்தில் கூடிப் பேசாத இடத்தில் மட்டுமே அவர்களது பேச்சு கல்வியின் குரலாகிவிடுகிறது. லைப்ஸிக்கில் பேராசிரியர்கள் கூடினார்கள். டெல்லியில் மாணவர்கள் கூடினார்கள். இங்கே, அடுத்த முறை உரிமை மாற்றப் படிவம் ஒன்று கைக்கு வரும்போது, கையொப்பமிடுவதற்கு முன் அதனை முழுவதும் வாசித்து, ஒரு பிரதியையாவது நம் நாட்டுத் தொகுப்பில் இடும் உரிமையைக் கேட்டு எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.